உள்ளே இருப்பவருக்கு எட்டும் இடத்தில்

மகனே,

சலாம் சொல்லித் தொடங்குகிறேன். சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், முன் அறையில் போனைப் பார்த்தபடி கிடக்கிறாய். தகரத்தில் மழை போடுகிற சத்தத்தில் நான் எழுதுவது உனக்குக் கேட்காது. பக்கத்து அறையில் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுதும் பைத்தியம் யார் என்று நீ சிரிக்கலாம். நேரில் பேச நான் வாயைத் திறந்தாலே, "சரி உம்மா, விடுங்க உம்மா" என்று எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுகிறாய். வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் பாதியில் அழுதுவிடுவேன். நீ அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு இன்னும் கெட்டுப்போவாய். தாளில் அழுதால் சத்தம் வராது. அதனால் எழுதுகிறேன். தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைப்பேன். குடித்துவிட்டு வாசி.

நேற்றுப் பின்னேரம் நீ கடைக்குப் போயிருந்த நேரம் ஜெயன் வந்தான். வாகரையிலிருந்து பஸ் ஏறி, தலை முழுக்க நனைந்து, வாசலில் நின்றபடியே பேசினான். உள்ளே வா என்று எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. உன் சிநேகிதனுக்கு இப்போது என் முகத்தைப் பார்க்கப் பயம். "உம்மா, நாளைக்கு மறுநாள் முகத்துவாரத்து மண்ணை வெட்டப் போறாங்களாம். வட்டையெல்லாம் தண்ணி ஏறி வெள்ளாமை தாண்டு போச்செண்டு வயல்காரர் போய்ச் சத்தம் போட்டிரிக்காங்க. வெட்டி ரெண்டு மூணு நாளையில தண்ணி இழுவை குறைஞ்சிரும். அப்ப போட்டோட வெளிக்கிட்டாத்தான் கடலுக்குப் போகலாம். பொறகு மண் எப்ப மூடும் எண்டு ஆருக்குத் தெரியும்? அவன் என்ட போனையும் எடுக்கிறான் இல்ல. நீங்க சொல்லுங்க" என்றான். சொல்கிறேன் என்று அனுப்பினேன். சொல்லவில்லை. ஒரு இரவும் ஒரு பகலும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

உன் பாய்ப்படகு நம் ஆற்றுக்குள் வந்து மாட்டிய கதையை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் பார்த்த மாதிரி நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு மாரியில் முகத்துவாரம் திறந்து கிடந்த நேரம் அந்த வெள்ளைக்காரக் கிழவர் பாயை இறக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாவி அழகாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் நிற்கிறேன் என்று நின்றார். கடல் மண்ணைத் தள்ளி வாயை மூடிவிட்டது. ஒரு பக்கம் மண், மறுபக்கம் கல்லடிப் பாலம். அவ்வளவு உயரப் பாய்மரத்தோடு பாலத்துக்குக் கீழே போகவும் ஏலாது. பாலமீன்மடுப் பக்கம் நங்கூரம் போட்டபடியே கிடந்தார். பிறகு வருத்தம் வந்து விமானத்தில் ஊருக்குப் போனார். அதுவரை படகைப் பார்த்துக்கொண்ட உனக்கே அதை விட்டுக்கொடுத்தார். பாசிக்குடா ஹோட்டலில் சுற்றுலாக்காரரைச் சின்னப் பாய்ப்படகில் ஏற்றி ஓட்டி நீ சேர்த்ததெல்லாம் அதற்குள் போனது. அன்று உனக்கு ஏசினேன், உண்மைதான். ஆனால் முதல்முறை நான் அந்தப் படகில் ஏறி, பாலத்தையும் மண் திட்டையும் மாறி மாறிப் பார்த்தபோது, பாவம், இதுவும் என்னைப் போல ஒன்று என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் படகுக்கு நான் உறவாகிவிட்டேன்.

மாலைதீவுக்குப் போகிற படகில் ஏற்ற, திருத்துகிற சாமான்களைத் தெரிவுசெய்யும் வேலையை என் தலையில் கட்டியதும் நீதான். "ஏறாவூர்ல உள்ள தையல் மெசின் எல்லாத்தையும் திருத்திறீங்க. என்ட போட்டுக்கு என்ன சாமான் ஏத்திற எண்டும் நீங்களே சொல்லுங்க உம்மா" என்றாய். அதற்கு முன்னமே யூடியூப்பைப் பார்த்துவிட்டு, ஹாட்வெயார் கடையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றவன் நீ. மூடியைத் திறந்தால் ஸ்பானர்கள் பல் மாதிரி வரிசை வரிசையாக மின்னுகிற அந்தப் பெட்டி. கடைக்காரருக்கு முன்னால் வைத்து உன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் கைப்பையைப் பார்த்து மயங்கின கதைதான் அது. படகு என்ன கேட்கிறது என்று பார்க்காமல் கடை என்ன விற்கிறது என்று பார்த்தாய்.

பிறகு நாம் செய்ததை நீ மறந்திருக்கமாட்டாய். மச்சான் வீட்டில் இரவல் வாங்கிய ஸ்பானர்களோடு படகு முழுக்கத் தவழ்ந்தோம். ஒவ்வொரு திருகாணிக்கும் முன்னால் குந்தியிருந்து, இதற்கு எது பொருந்தும் என்று வைத்துப் பார்த்தோம். எஞ்சின் ஜப்பான் எஞ்சின், எல்லாம் மில்லிமீட்டர். படகின் மற்ற உடம்பு முழுக்கப் பழைய அங்குல அளவு. என்னிடம் வருகிற மெசின்களிலும் அதே வில்லங்கம் உண்டு. பழைய கறுப்பு மெசினுக்கு ஒரு கணக்கு, புதுசுக்கு இன்னொன்று. ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று போட்டுத் திருகினால் ஆணியின் மூலை தேய்ந்து வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு எந்த ஸ்பானரும் அதைப் பிடிக்காது. பொருந்துகிறதை ஏற்று, பொருந்தாததை எவ்வளவு மின்னினாலும் கரையில் விடு என்று அன்று சொன்னேன். அந்தப் பேச்சு இந்தக் கடிதத்தில் இன்னொரு தரம் வரும்.

பெட்டியே வேண்டாம் என்றதும் நான்தான். படகு சாயும்போது பெட்டி வழுக்கிக்கொண்டு வரும், காலை உடைக்கும். மூடிக்குள் வியர்த்து அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும். கிழவர் விட்டுப்போன கிழிந்த பாய்ச்சீலையை வெட்டி, படுக்கிற பாய் மாதிரிச் சுருட்டிக் கட்டக்கூடிய பை தைத்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அறை. அறையின் வாயில் சிவப்பு நூலால் அதன் நம்பர். விரித்தால் எது வெறுமையாக இருக்கிறதோ, அது இன்னும் எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று அர்த்தம். மெசின் எண்ணெயில் துடைத்து வைத்தோம். படகுக்கு வெளியே கையை நீட்டிப் பாவிக்கிற குறட்டுக்கும் கத்திக்கும் சுத்தியலுக்கும் கயிறு கட்டினோம், கை நழுவினால் ஆற்றுக்குப் போகாமல் இருக்க. உனக்குப் பொறுமை இல்லை, முடிச்சைப் பார்க்காமல் பாட்டுக் கேட்டாய். இரண்டு முடிச்சை நான் திரும்பக் கட்டினேன், நீ கவனிக்கவில்லை.

எனக்கும் எல்லாம் தெரியும் என்று நினைக்காதே. திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல கொக்கி இருந்தது. சாமான் சுருளை அதில் தொங்கவிட்டது நான்தான். கைக்கு எட்டும், தரையில் கிடக்காது என்று பெருமையாக வேறு சொன்னேன். அன்று ஆற்றுக்குள் ஒரு சுற்றுப் பாய் ஏற்றி ஓடினோம். முன்னால் முகத்துவாரத்து வெளிச்சவீட்டுக் கோபுரம் நிற்கிறது, திசைகாட்டியோ நாம் எதிர்ப்பக்கம் இருக்கிற காத்தான்குடிக்குப் போகிறோம் என்கிறது. நீ கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாய். ஜெயன்தான் சுருளைக் கழற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். ஊசி மெதுவாகத் திரும்பியது. "உம்மாக்குக் காத்தான்குடிப் புடவைக்கடைக்குப் போக ஆசை போல. இரும்பைக் கட்டி ஊசியை இழுத்திட்டா" என்று அவன் சொல்ல, நாம் மூவரும் சிரித்த சிரிப்பில் பாய் ஒரு பக்கம் விழுந்தது. இரும்பு எதுவும் திசைகாட்டிக்கு அருகில் கூடாது. அதற்குப் பிறகு சாமான் முழுவதையும் சுக்கான் பிடிக்கிறவர் இருக்கும் பின் இருக்கைக்குக் கீழே, வெளியே உள்ள அறைக்குள் வைத்தோம். நல்ல இடம் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். மூவரும் பிழையாக நினைத்தோம்.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். என் போனின் கண்ணாடியை மாற்ற அதை எடுத்துக்கொண்டு நீ டவுனுக்குப் போனாய். ஜெயன் அதற்கு முன்னமே சின்னத் தோணியில் டீசலுக்குப் போயிருந்தான், நீ அந்தப் பக்கம் வந்த வள்ளமொன்றில் ஏறிக் கரைக்குப் போனாய். நான் படகின் முன் அறையில் பாய்க்கிழிசல் தைத்துக்கொண்டிருந்தேன். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஆற்றுத் தண்ணீரில் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, அந்தச் சின்ன இடத்தில் முழங்காலை மடித்துத் தொழத் தொடங்கினேன். இரண்டாவது ரக்அத்தில் ஜெயனின் குரல் கேட்டது. "உள்ள ஆரும் இரிக்கீங்களா?" நம் வீட்டில் என்றால் தொழுகிறவர் அல்லாஹு அக்பர் என்ற தக்பீரைக் கொஞ்சம் உரத்துச் சொன்னால் போதும், வந்தவர் விளங்கிக்கொண்டு நிற்பார். நானும் உரத்துச் சொன்னேன். ஜெயனுக்கு அது எப்படித் தெரியும்? கரைப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து வருகிற சத்தம் என்று நினைத்திருக்கிறான். அதோடு அவன் ஏறுவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். கரையில், துறைப் பலகையில், என் செருப்பு இல்லை.

ஜெயனின் ஊரில் செருப்போடு வள்ளத்தில் கால் வைக்கமாட்டார்கள். எல்லாரும் கரையில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். யார் கரைக்கு வந்துவிட்டார்கள், யார் இன்னும் கடலில் என்று பெண்கள் கரையில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே சொல்வார்களாம். அவனுக்கு அது சின்ன வயதிலிருந்து கண்ணில் ஊறின பழக்கம். உம்மாவின் செருப்பு இல்லை, ஆகவே உம்மா மகனோடு டவுனுக்குப் போய்விட்டா. படிக்கட்டுக்கு மேலே உள்ள பின் மூடியை இழுத்தான், கொண்டியைப் போட்டான், பூட்டினான், சின்னத் தோணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது படிக்கட்டுக்கு மேலே இருந்த வெளிச்சம் இல்லை.

என் செருப்பு என் பைக்குள் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் செருப்பைச் சீலைப்பையில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று கூடப்பிறந்த மூத்தவ, ராத்தா, என்னைக் கேலி செய்வா. ஏன் என்று நீயும் சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். களவு போகும் என்று சொல்லி மழுப்பினேன். உண்மை வேறு. உன் வாப்பா மௌத்தான பிறகு, உன்னை ராத்தாவிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போன அந்த அரபு நாட்டு வீட்டில், முதல் நாளே மேடம் என் செருப்பை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "செருப்பில்லாமல் எங்கே போவாய்?" அந்த வெயிலில் அந்த ஊர்த் தெருவில் வெறுங்காலோடு பத்தடி நடக்க ஏலாது. பாஸ்போட்டை வாங்கிக்கொண்டது எனக்கு அவ்வளவு சுடவில்லை. செருப்புத்தான் சுட்டது.

அந்த வீடு ஆறாம் மாடியில். ஒவ்வொரு லீவு நாளும் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள், என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு. அப்படி ஒரு நாள் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. திறக்கப் போனால் உள்பக்கக் கைபிடி கையோடு கழன்று வந்துவிட்டது. அடுத்த நாள் இரவு அவர்கள் வரும்வரை அந்த ஈரத் தரையில் கிடந்தேன். தண்ணீர் இருந்தது, வேறொன்றும் இல்லை. கதவு மரம் என் நகத்துக்கு அசையவில்லை. அவர்கள் வந்து திறந்தபோது மேடம் உடைந்த கைபிடியைப் பார்த்துத்தான் சத்தம் போட்டாள். அதற்குச் சில நாள் கழித்து ஒரு ஆள் வந்து புது அலுமாரி பொருத்திவிட்டுப் போனான். கட்டிலுக்குக் கீழே ஒரு எலன் கீயைத் தவறவிட்டிருந்தான். வளைந்த சின்ன ஆறுமூலைக் கம்பி, என் சுண்டுவிரல் நீளம். கூட்டும்போது கிடைத்தது. சட்டை ஓரத்தைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தேன். அந்த வீட்டுக் கைபிடி எல்லாவற்றிலும் உள்ள சின்ன ஆணிக்கு அது பொருந்தியது. வெளிக்கதவுக்கு உதவவில்லை. ஆனாலும் உள்ளே எந்த அறையிலும் இனி நான் அடைபட மாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் வந்தபோது நீ ராத்தாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று, "எப்ப திரும்பப் போவீங்க?" என்று கேட்டாய். அதை மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

அந்தக் கம்பி இத்தனை வருடமும் என் வீட்டுச் சாவிக்கொத்தில் கிடக்கிறது. படகுக்குள் அடைபட்டதும் முதலில் அதைத்தான் தேடினேன். யன்னல் எல்லாம் திறக்காத கண்ணாடி. பின் மூடியில் வெளிப்பூட்டு. முன் மூடி மழைக்கு ஒழுகுகிறது என்று நீ இறுக்கி வைத்திருந்தாய், உள்ளே நான்கு ஆணி தெரிந்தது. கம்பியை வைத்தேன். ஆடியது. அங்குல ஆணி, மில்லிமீட்டர்க் கம்பி. எனக்கே தெரிந்த பாடம்தானே. ஆனாலும் வைத்து வைத்துத் திருகினேன், ஆணியின் வாய் தேயத் தேயத் திருகினேன். அதற்குப் பொருந்தும் கீ மூன்றடிக்கு அப்பால், வெளி அறைக்குள், நான் தைத்த சுருளில், நான் சிவப்பு நூலால் நம்பர் போட்ட அறைக்குள் சுகமாகக் கிடந்தது. சோற்றுப் பானையால் கூரையில் அடித்தேன். கத்தினேன். மோட்டர் வள்ளமொன்று போனது, அவர்களுக்குத் தங்கள் எஞ்சின் சத்தம். கிளாஸ்ஃபைபர் சூட்டில் வெந்தது. மூச்சு விட இடமில்லை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. வந்த பிறகு போகவில்லை. பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டபோது தொழக்கூட எழவில்லை, தரையில் குந்தியிருந்தேன். மகனே, நான் படகில் இருக்கவில்லை. ஆறாம் மாடியில் இருந்தேன்.

அஸருக்குப் பிறகு நீயும் ஜெயனும் வந்து திறந்தீர்கள். கத்திக் கத்தி என் குரல் போயிருந்தது. ஜெயன் தலையில் அடித்துக்கொண்டு, "செருப்பு இல்லையே உம்மா, செருப்பு இல்லையே, அதான் நான்..." என்று அழுதான். நீ என் கையை விரித்துப் பார்த்தாய். கம்பி உள்ளங்கையில் பதிந்து கிடந்தது. அன்று வீட்டில் உனக்குக் குளியலறைக் கதையை மட்டும் சொன்னேன். செருப்புக் கதையை இதில்தான் முதலில் சொல்கிறேன். அன்று குளியலறைக் கதையைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி, "நான் போகல்ல உம்மா. போட்ட வித்துப்போடுவம்" என்றாய்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அன்றும் மறுநாளும் நான் ராணி மாதிரி இருந்தேன். உனக்குப் பிடித்த இறால் பொரித்தேன். கடலில் போய்ச் சாகத் தேவையில்லை, மாலைதீவில் வெளிநாட்டுக்காரனை ஏற்றி இறக்கத் தேவையில்லை, மகன் வீட்டோடு. மாரிக் கடலுக்கு வெளிக்கிட்டு, திருகோணமலையில் போய் ஒதுங்கி, மாரி தீர்ந்ததும் தெற்கே சுற்றி மாலைதீவுக்குப் போவது என்று நீங்கள் இருவரும் போட்ட திட்டத்தைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இல்லாத நித்திரை அன்று வந்தது.

பிறகு நீ செய்ததைப் பார்த்தேன். கேட்காமலே திருப்புளியை எடுத்து, நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாய். குசினித் தாழ்ப்பாளையும் கழற்றினாய். பின்கதவுக் கொண்டியையும் விடவில்லை. உம்மா எங்கும் அடைபடக்கூடாதாம். இப்போது பக்கத்து வீட்டு ஆடு தாராளமாகக் குசினிக்குள் வந்து அரிசியைத் தின்றுவிட்டுப் போகிறது, ராத்தா குளிக்கும்போது வாசலில் நான் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. அதைச் சிரித்து விட்டுவிடலாம். நேற்றுப் பின்னேரம், ஜெயன் வருவதற்குச் சற்று முன்னால், நீ வாசலில் நின்று கேட்டாயே, "உம்மா, கடைக்குப் போயிட்டு வரட்டா?" என்று. நான் ஓம் சொல்லும்வரை காலைக் கீழே வைக்காமல் நின்றாய். தாடி வளர்ந்த ஆண்பிள்ளை, மாலைதீவு வரை கடலோட இருந்தவன், மூலைக்கடைக்குப் போக என்னிடம் உத்தரவு கேட்கிறான்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன், மகனே. அதே மாதிரி வாசலில் நின்று, அதே குரலில். குப்பை கொட்டக் கீழே போய்வரட்டுமா மேடம் என்று. உன் வாயில் அதைக் கேட்டதும் கையிலிருந்த மெசின் ஊசியைக் கீழே வைத்தேன். இந்த வீட்டில் யார் மேடம் என்று யோசித்தேன். என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் உன் செருப்பை வாங்கி வைக்கவில்லை, நீயே கழற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்திருக்கிறாய். இரண்டும் ஒன்றுதான். பூட்டப்பட்டவளின் கதையைக் கேட்டு நீ எடுத்த பாடம், நீயும் உள்ளே வந்து உட்காருவதா? எனக்கு நல்ல கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

அதனால் இன்று காலை, நீ நித்திரையாக இருந்த நேரம், நான் முச்சக்கர வண்டி பிடித்துப் போய் ஜெயனைத் துறைக்கு வரச்சொல்லிப் படகில் ஏறினேன். ஏறுமுன் துறைப் பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், பொய் சொல்லமாட்டேன். வெளி அறையைத் திறந்து அங்குல ஸ்பானரை எடுத்து, அந்தப் பூட்டுக் கொண்டியை முதலில் கழற்றினேன். துறைமுகத்தில் களவுக்குப் பயம் என்றால் உள்ளேயிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றிய கொண்டியை ஆற்றில் எறிந்தேன். ஜெயன் தடுக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானரை வாங்கித் துடைத்தான்.

சாமானை மூன்றாகப் பிரித்துவிட்டேன். எஞ்சினுக்கு உரியது எஞ்சினுக்குப் பக்கத்தில். பாய்மரம் உடைந்து விழுந்தால் அதைப் பிடித்திருக்கும் கம்பியை வெட்டுகிற பெரிய கத்தரியும் இரும்பு வாளும் வெளியே, சுக்கான் பிடிப்பவரின் கைக்கு எட்ட, திசைகாட்டிக்கு எட்டாமல். மூன்றாவது சின்னச் சுருள், அதுதான் முக்கியம். முன் மூடியைக் கழற்ற ஒரு அங்குலக் கீ, ஒரு திருப்புளி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு விசில். அதை முன் அறையில், படுக்கிறவரின் தலைமாட்டில் தொங்கவிட்டிருக்கிறேன். நான் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தேன், எட்டியது. தண்ணீர் உள்ளே வருகிற ஒவ்வொரு குழாய்வாய்க்கும் பக்கத்தில், குழாய் உடைந்தால் அடைக்க, ஒரு மர ஆப்பைக் கட்டிவைத்தோம். சாமானை எங்கே வைப்பது என்று கேட்டால் எல்லாரும் வேலை செய்கிறவனுக்கு எட்டும் இடம் என்பார்கள். நான் சொல்கிறேன், மாட்டிக்கொண்டவனுக்கு எட்டும் இடத்திலும் ஒன்று வை. அவன் இருட்டில் இருப்பான், பயத்தில் இருப்பான், தேடித் திரிய அவனுக்கு ஏலாது. நான் தேய்த்துக் கெடுத்த ஆணிகளில் ஒன்றை ஜெயன் மாற்றிவிட்டான். மற்ற மூன்றையும் நீ மாற்று. புறப்படுமுன் மாற்று.

என் எலன் கீயை உனக்குத் தரப்போவதில்லை. தரலாம் என்று கையில் எடுத்தேன், காவலாக இருக்கும் என்று. பிறகு என் பேச்சே எனக்கு ஞாபகம் வந்தது. அது உன் படகில் ஒரு ஆணிக்கும் பொருந்தாது. பொருந்தாததை ஏற்றாதே, உம்மாவுடையதாக இருந்தாலும் ஏற்றாதே. அதோடு வருகிற பயமும் எனக்கு உரியது, அந்த வீட்டுக்கு அளவெடுத்துச் செய்தது. உனக்கு வேறு பயங்கள் வரும், அவற்றுக்கு வேறு சாவி தேடிக்கொள்வாய்.

நீ போனால் நான் தனி. அதையும் மறைக்கமாட்டேன். ராத்தா பக்கத்தில் இருக்கிறா, மெசின் கொண்டுவருகிற பெண்கள் நாள் முழுக்கக் கதைப்பார்கள், ஆடும் வரும். என்றாலும் பின்னேரத்தில் வீடு பெரிதாகிவிடும். அழுவேன். அழுதுவிட்டு மெசினைத் திருத்துவேன். முகத்துவாரம் உனக்குப் பின்னால் மூடினால், அடுத்த மாரிக்கு இந்தப் பக்கமாக வராதே, பாசிக்குடாப் பக்கம் நங்கூரம் போட்டுவிட்டு பஸ் ஏறி வா. நீ கழற்றிய தாழ்ப்பாள்களை மட்டும் திரும்பப் பொருத்திவிட்டுப் போ. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், உள்பக்கம் இருந்தால் அதில் ஒரு பயமும் இல்லை.

நாளைக்கு வெட்டுகிறார்கள். இழுவை குறைகிற அன்று நானும் துறைக்கு வருவேன். முகத்துவாரம் தெரிகிற இடம் வரைக்கும் உங்களோடு படகில் வருவேன், அதுவரை சுக்கானை என்னிடம் தர வேண்டும். அங்கே ஜெயனின் மாமா தோணியில் வந்து என்னை ஏற்றிக்கொள்வார், இன்று கேட்டுவிட்டேன். ஏறுமுன் என் செருப்பைத் துறைப் பலகையில் எல்லாரும் காணக் கழற்றி வைப்பேன். ஜெயனிடம் சொல், உம்மா உள்ளே இருக்கிறா, பார்த்துக்கொள் என்று. நான் திரும்பி வரும்போது அது அங்கே கிடந்தால் போட்டுக்கொள்வேன். யாராவது எடுத்துப் போயிருந்தால் போகட்டும். மழை பெய்த மண், நம்முடைய ஊர். வெறுங்காலோடு நடந்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உம்மா